விழும் பிள்ளைக்கு நிலம் எது?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று எமக்கு விதிக்கப்பட்ட பொருள், பாலர்க்கேற்ற வெளிவிளையாட்டுச் சாதனங்களைத் தெரிவுசெய்தல் என்பதாகும். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்மார் பலர் முன்னிலையிற் பல்கலைக்கழக மாணவனொருவன் எழுந்து நின்று இதனைப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதே. ஆயினும் இதைப் பேசுதற்கு எமக்கும் ஒரு தகுதியுண்டு. அது பெருமைக்குரிய தகுதியன்று. ஆதலால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எமது பாலர் பாடசாலை முற்றத்துக்குச் சீமெந்து போட்டவர்கள் நாமே.

பெரியோர்க்கு நினைவிருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் மாரி முடிந்த கையோடு அந்த முற்றம் சேறாய்க் கிடந்தது. பிள்ளைகள் காலெல்லாம் சேறாகி வருகிறார்களென்று ஆசிரியை கவலைப்பட்டார். இளைஞர் பகுதியைச் சேர்ந்த பதினொருவர் சேர்ந்து இரண்டு நாட் சிரமதானஞ் செய்தோம். சறுக்குமரத்தின் கீழும், தொங்கேணியின் கீழும், சந்து பொந்து விடாமல் வழுவழுப்பாகப் பூசினோம். எல்லோரும் பாராட்டினார்கள். அவ்வருடத்து மலரில் எமது படமும் வந்தது. கரண்டியுங் கையுமாய் நின்று சிரிக்கும் அந்தப் படத்தை இப்பொழுது பார்ப்பதற்கு எமக்கு மனமில்லை.

சென்ற வருடம் மாசி மாதத்தில், ஐந்து வயதுப் பெண்பிள்ளையொன்று தொங்கேணியிற் கைவழுக்கி விழுந்தது. உயரம் ஐந்தடிதான். அன்று வாசிகசாலையில் நின்ற நாமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறினோம். பிள்ளை அழவில்லை. தன் தண்ணீர்ப்போத்தலை எடுத்து வந்தீர்களா என்று மட்டும் இரண்டு முறை கேட்டது. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தது. அவ்வயதுப் பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது அடிக்கடி முறியும் இடங்களில் அதுவும் ஒன்று என்று வைத்தியர் விளக்கினார். பின்பு எம்மைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "கீழே என்ன இருந்தது, தம்பி?" சீமெந்து என்றோம். அவர் ஒன்றுஞ் சொல்லாமல் எழுதத் தொடங்கினார்.

பிள்ளையின் தகப்பனார் எம்மைக் கடிந்து ஒரு சொல்லுஞ் சொல்லவில்லை. "பிள்ளைகள் விழுகிறது வழமைதானே, தம்பி" என்று எம்மைத் தேற்றினார். கை இப்பொழுது நன்றாயிருக்கிறது. ஆனாற் முழுவதும் நீட்ட வராது. அப்பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போய்விட்டது. அதன் தம்பி இந்தத் தையில் எமது பாலர் பாடசாலையிற் சேர்ந்திருக்கிறான். அதே ஏணி, அதே சீமெந்து.

இந்நிலையில், வெளிநாட்டிலுள்ள எமதூர் அன்பரொருவர் புதிய சாதனங்கள் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறார். அவருடைய நல்ல மனத்துக்கு நாம் யாவருங் கடமைப்பட்டுள்ளோம். வர்ணப்படங்கள் நிறைந்த விலைப்பட்டியலொன்று கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. அதில் எட்டடி உயரக் கோபுரமும் அதிலிருந்து சுழன்றிறங்கும் சறுக்குமரமும் எல்லோர் கண்ணையும் பிடித்துவிட்டன. நாமும் அதனைக் கண்டு மயங்கியவர்களே. ஆனால் அந்தப் படத்திற் கோபுரத்தின் கீழ் என்ன இருக்கிறதென்று பாருங்கள். பச்சை நிறம் மட்டுமே இருக்கிறது. அது புல்லா, கம்பளமா, வெறும் மையா என்பது விளங்கவில்லை. எமது பேச்சு முழுவதும் அந்தப் பச்சை நிறத்தைப் பற்றியதுதான்.

விளையாட்டிடங்களிற் பிள்ளைகட்கு நேரும் காயங்களுக்குத் தலையாய காரணம் விழுதலே என்பது, இதனை ஆராய்ந்த நாடுகளிலெல்லாம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட முடிபாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, பொது விளையாட்டிடங்களுக்கான கைந்நூலொன்றை 1981ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்டது. இப்பொழுது வழக்கிலிருப்பது 2010ஆம் ஆண்டில் வந்த பதிப்பின் வழிப்பட்டது. ஐரோப்பிய நாடுகளும் 1998ஆம் ஆண்டில் தமக்கென ஒரு பொது நியமத்தை வகுத்தன. இவ்விரண்டும் சாதனத்தைப் பற்றிச் சொல்வதற்கு இணையாக நிலத்தைப் பற்றியுஞ் சொல்கின்றன. சாதனம் வாங்கச் செல்பவன் நிலத்தையும் சேர்த்தே வாங்க வேண்டுமென்பது அவற்றின் கருத்து.

ஏன் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறடி உயரத்திலிருந்து விழும் பொருள், நிலத்தைத் தொடும்பொழுது மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. சைக்கிளில் வெகு விரைவாகச் செல்லும் ஒருவன் மதிலில் மோதினால் என்னாகுமோ, அதுவே அங்கும் ஆகும். வேகம் எங்கும் ஒன்றுதான். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதிலேதான் உயிரும் எலும்பும் தங்கியிருக்கின்றன. சீமெந்திலே ஓரிரு மில்லிமீற்றரில் அடங்கிவிட வேண்டும். தளர்ந்த மணலிலே சில அங்குலங்களுக்குள் அடங்கலாம். நிறுத்தும் தூரம் பத்து மடங்கானால் அடியின் விசை பத்திலொன்றாய்க் குறைகிறது. பௌதிகம் படியாதவர்களும் இதனை அறிவர். அறுபதடித் தென்னையிலிருந்து மணல் வளவில் விழும் தேங்காய் உடைவதில்லை. கோயில் வாசலில் ஆளுயரத்திலிருந்து கல்லில் எறியும் தேங்காய் சிதறுகிறது. கீழே இருப்பது வேறு.

புல் போதுமே என்று சிலர் கூறுவர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் ஊஞ்சலின் கீழும் சறுக்குமரத்தின் அடியிலும் புல் எத்தனை நாள் நிற்கும்? பிள்ளைகளின் கால் பட்டுப் பட்டு ஒரு மாதத்தில் தேய்ந்து, பங்குனி வெயிலில் நிலம் சீமெந்துபோல் இறுகிவிடும். அதனாலேயே மேற்சொன்ன கைந்நூல் சீமெந்தையும் தார்த்தளத்தையும் அறவே விலக்குவதோடு, புல்லையும் வெறுந் தரையையும் பாதுகாப்பான நிலமென்று ஏற்பதில்லை.

அது ஏற்பவை மணல், பரற்கல், மரச்சீவல், துண்டாக்கிய றப்பர் முதலியன. ஒவ்வொன்றுக்கும் அளவுண்டு. இறுகிய நிலையில் 9 அங்குல ஆழமுள்ள மணல் 4 அடி உயர வீழ்ச்சியைத் தாங்கும். அதே 9 அங்குல மரச்சீவல் 10 அடி வரை தாங்கும். கொட்டும்போது 9 அங்குலம் போதாது. காலஞ் செல்ல நாலிலொரு பங்கு அமிழ்ந்துவிடுமாதலால் 12 அங்குலம் நிரப்ப வேண்டும். வழுவழுப்பான சீமெந்தின் மேல் இரண்டங்குல மணலைத் தூவிவிட்டு "மணல் போட்டாயிற்று" என்று சொல்வதால் யாதொரு பயனுமில்லை. நாம் மணல் தூவலாமென்று யோசித்தவர்கள் என்பதாற் சொல்கிறோம்.

இவ்வளவுகளை மனத்திற் கொண்டு விலைப்பட்டியலை மீண்டும் பார்த்தால், கோபுரம் தானாகவே விலகிப்போகிறது. எமக்குக் கிடைப்பது மணலாயின், ஏறி நிற்கக்கூடிய உயரம் நான்கடிக்கு மேற்படலாகாது. ஐந்தடித் தொங்கேணியும் மணலுக்கு ஆகாது. அதனைத் தாழ்த்த வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். நான்கு வயது நிரம்பாதவர்க்குத் தொங்கேணியே ஆகாதென்று அந்நூல் கூறுகிறது. எமது பாலர் பாடசாலையிற் பாதிப்பேர் மூன்று வயதினர். அவர்களுடைய தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தம் உடலைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை. எம் கண்ணுக்கு அவர்கள் சிறிய பெரியவர்களாய்த் தோற்றுகிறார்கள், உண்மை அதுவன்று. மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் பாலரில்லத்தைத் தொடங்கியபோது, நாற்காலியையும் மேசையையும் பிள்ளையின் அளவுக்குச் செய்வித்தார். அவ்வம்மையார் 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். வகுப்பறைக்குள்ளே அந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொண்டோம். முற்றத்துக்கு இன்னும் கொண்டு வரவில்லை.

ஆதலால் ஒவ்வொரு சாதனத்தையும் வயதை முன்வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஊஞ்சல். எமது மக்களுக்கு ஊஞ்சல் புதிதன்று. பெண்பாற் பிள்ளைத்தமிழிலே ஊசற் பருவமுண்டு, கோயில்தோறும் திருவூஞ்சலுண்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு வேம்பிலும் புளியிலும் மாவிலும் ஊஞ்சல் கட்டாத வளவில்லை. கட்டும்பொழுது பெரியவர்கள் கொப்பைப் பார்ப்பார்கள், முதலில் தாமே இருந்து ஆடிப் பார்ப்பார்கள், முருங்கையில் ஒருபோதுங் கட்டமாட்டார்கள். இந்த அறிவெல்லாம் இரும்பு ஊஞ்சல் வந்தவுடன் எங்கேயோ போய்விட்டது. கடையில் வாங்கியது உறுதியாகத்தான் இருக்குமென்று நம்பிவிடுகிறோம்.

ஊஞ்சலிற் கவனிக்க வேண்டியவை பல. இருக்கை மரப்பலகையாகவோ இரும்பாகவோ இருக்கலாகாது. ஆடிவரும் பலகை, குறுக்கே ஓடிய பிள்ளையின் நெற்றியில் மோதும். றப்பர் போன்ற மெல்லிய பொருளாலான இருக்கையே வேண்டும். மிகச் சிறியவர்க்கு நாற்புறமும் அடைத்த வாளிபோன்ற இருக்கை நன்று. ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சல்களுக்கு மேற் கூடாது. மூன்று தொங்கினால் நடுவிலிருப்பதற்குப் போகும் பிள்ளை மற்றை இரண்டுக்கும் இடையால் ஓடும். இரண்டு இருக்கைகளுக்கும் இடையே 24 அங்குலமும், இருக்கைக்கும் தூணுக்கும் இடையே 30 அங்குலமும் வெளியிருக்க வேண்டும். சங்கிலியைக் கொளுவும் கொக்கி முற்றாக மூடியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் வாய் திறந்திருந்தாலும் சட்டையின் நூல் அதில் மாட்டும்.

இடத்தைப் பற்றிய விதி இன்னும் கடினமானது. ஊஞ்சல் தொங்கும் தண்டின் உயரத்தைப் போல் இருமடங்கு முன்னும், இருமடங்கு பின்னும் வெறுமையாயிருக்க வேண்டும். ஆறடித் தண்டாயின் முன்னே பன்னிரண்டடி, பின்னே பன்னிரண்டடி. எமது முற்றத்தை நேற்று மாலை அளந்தோம். இப்பொழுது ஊஞ்சல் நிற்கும் இடத்தில் பின்புறம் ஏழடியில் மதில் இருக்கிறது! மேலும், ஊஞ்சலுக்கு வீழ்ச்சியுயரம் என்பது இருக்கையின் உயரமன்று, தண்டின் உயரமே. உச்சத்துக்கு ஆடிய பிள்ளை அங்கிருந்தே விழுமன்றோ? ஆகவே ஆறடி ஊஞ்சலுக்கு மணல் போதாது, மரச்சீவல் வேண்டும். ஆணியும் பூச்சும் இல்லாத கிளைகளை வெட்டித் துண்டாக்கிய சீவலாயிருக்க வேண்டும். எமதூரிற் கறையான் அதை விட்டுவைக்காது. வருடந்தோறும் புதிதாய்க் கொட்ட நேரும். இதற்கு ஆயத்தமில்லையெனில் ஊஞ்சலை இப்பொழுது வாங்காதிருப்பதே நேர்மை. ஊஞ்சலை மிகவும் விரும்பும் நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது சறுக்குமரம், பிள்ளைகள் சொல்லும் "சறுக்கீஸ்". சாய்வு சராசரி 30 பாகைக்கு மேற்படாமலும், இரு ஓரங்களிலும் 4 அங்குல உயர விளிம்போடும் இருக்க வேண்டும். மேலே நிற்கும் தட்டு 20 அங்குலத்துக்கு மேற்பட்டாற் கைப்பிடிவேலியும், 30 அங்குலத்துக்கு மேற்பட்டால் அடைப்பும் வேண்டும்; பாலர்க்குரிய அளவு இது. படியருகிலுள்ள கைப்பிடிக் குழாய் ஓரங்குலம் முதல் ஒன்றரை அங்குலப் பருமனுக்குள் இருந்தாற்றான் சிறு கை முழுதாய்ச் சுற்றிப் பிடிக்கும். எமது பழைய சறுக்குமரத்தின் குழாய் இரண்டங்குலம்; தண்ணீர்க் குழாயில் மிஞ்சியதை வைத்து ஒட்டியது.

தகட்டுச் சறுக்குமரத்துக்கு வெயில் பகை. வடக்கு நோக்கி வைத்தால் வெயில் படாதென்று மேனாட்டு நூல்கள் சொல்கின்றன. அது அவர்கள் நாட்டுக்குச் சரி. யாழ்ப்பாணத்திலோ, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடபுறத்திலேயே நிற்கிறது. எமக்கு நிழல் ஒன்றே வழி. முற்றத்து வேம்பின் கீழே சறுக்குமரத்தை மாற்றிவிட்டால் ஒரு செலவுமின்றி அக்குறை தீரும். பிள்ளையின் தோல் எமது தோலிலும் மெல்லியது. எமக்குச் சுடுவதாய்த் தோன்றும் தகடு அதற்குப் புண்ணாக்கும்.

தாய்மார்க்கு இங்கே ஒரு விண்ணப்பம். சிறு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவது பாதுகாப்பென்று பலரும் எண்ணுகிறோம். அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரையிலான காலத்தில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சறுக்குமரத்தாற் காயமடைந்தனரெனக் கணித்தார்கள். அவற்றிற் பல முழங்காலுக்குக் கீழே கால் முறிவு. எப்படியெனில், மடியிலிருக்கும் பிள்ளையின் பாதம் ஓரத்தில் மாட்டுகிறது. தனியே சறுக்கினாற் பிள்ளை அவ்விடத்திலேயே நின்றுவிடும். மடியிலிருந்தாலோ பெரியவருடைய பாரம் முழுவதும் அந்தச் சிறு காலை முறுக்கிக்கொண்டு கீழே போகிறது. அன்பே முறிக்கிறது. தனியே சறுக்க முடியாத பிள்ளை இன்னுஞ் சிறிது காலம் மணலில் விளையாடட்டும்.

சீசோப் பலகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரு பிள்ளை திடீரென இறங்கினால் மற்றப் பிள்ளை தொப்பென்று விழும். ஆகவே நடுவிற் சுருள்வில் பொருத்திய வகையே பாலர்க்கு ஏற்றது. பழைய வகையிற் பலகை நிலத்தில் மோதாதிருக்கப் பாதி ரயரைப் புதைப்பது வழக்கம். ரயர் ஊஞ்சலும் எமதூரிற் பிரசித்தம். ரயர் மென்மையானது, செலவில்லாதது. ஆனால் அதற்குள் மழைநீர் தேங்கும், அங்கே டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. ரயரின் அடியில் நான்கைந்து இடங்களில் பெருந்துளையிட்டு, நீர் வடிகிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பார்ப்பவர் ஒருவர் இருந்தால் வையுங்கள், இல்லையேல் வேண்டாம்.

சுற்றும் இராட்டினம் மூன்று வயதினர்க்கு வேண்டியதில்லை. துள்ளுமெத்தை வகையை வீட்டிற் பயன்படுத்தலாகாதென்று அமெரிக்கச் சிறுவர் வைத்தியர் கழகம் 2012ஆம் ஆண்டிலும் எச்சரித்துள்ளது. விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றுண்டு. அது இடைவெளி. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தத் துவாரமும் பாலர்க்கு ஆபத்தானது. பெரியவர்கள் தலையை முதலில் நுழைத்துப் பார்ப்பார்கள். சிறு பிள்ளையோ காலை முதலில் விட்டு வழுகிச் செல்லும். உடல் புகும், தலை புகாது. காலுக்குக் கீழே நிலமுமில்லையென்றால் பிள்ளை கழுத்திலே தொங்கும். மூன்றரை அங்குலத்திலும் ஒன்பது அங்குலத்திலும் இரண்டு மரக்கட்டைகளை நாம் அறுத்து வைத்திருக்கிறோம். சிறிய கட்டை புகுந்து பெரிய கட்டை புகாத இடமெல்லாம் பிழையான இடம். கடைக்குப் போகும்போது இவ்விரு கட்டைகளையும் பையிற் கொண்டுபோவோம். கடைக்காரர் சிரித்தாற் சிரிக்கட்டும்.

இதனோடு ஒத்தது கயிறு. ஏறும் சாதனத்தில் ஒரு முனை தளர்ந்து தொங்கும் கயிறு சுருக்காகிவிடும். சட்டைத் தலைமூடியின் இழைகயிறு சறுக்குமர உச்சியில் மாட்டிப் பிள்ளைகள் உயிரிழந்ததால், அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டில் அக்கயிறுகளை நீக்கும்படி நெறிமுறை வகுத்தார்கள். எமது வெப்பத்துக்குத் தலைமூடி வேண்டாம். ஆனாற் தண்ணீர்ப்போத்தல் கழுத்திலே வாரோடு தொங்குகிறதே! சாதனத்தில் ஏறுமுன் அதைக் கழற்றி வைக்கும் வழக்கத்தை ஆசிரியை உண்டாக்க வேண்டும்.

பொருளைப் பற்றியும் இரண்டு சொல். எமதூர் கடற்காற்று இரும்பை விரைவில் தின்னும். நாகமுலாம் பூசிய குழாயே வேண்டும். அதுவும் நிலத்தைத் தொடும் இடத்தில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், மேலே வர்ணம் பளபளக்கும். சுத்தியலாற் தட்டிப் பார்த்தாற் சத்தம் காட்டிக்கொடுக்கும். வர்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. இந்நாட்டில் 2013ஆம் ஆண்டு முதல் பூச்சுகளில் ஈயத்தின் அளவு சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே அதற்கு முன்பு பூசி உரிந்துகொண்டிருக்கும் பழைய சாதனத்தை இனாமாகத் தந்தாலும் வாங்கலாகாது. மரத்தாலானவற்றைப் பாடம்போட ஆசனிக்குக் கலந்த மருந்தை முன்னர் ஊட்டினார்கள். அமெரிக்க உற்பத்தியாளர் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பாவனைக்கு அதனைக் கைவிட்டார்கள். பழைய பலகையென்றால் எங்கிருந்து வந்ததென்று கேட்க வேண்டும்.

இவ்வளவையுங் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோரிற் சிலர், "நாங்கள் பூவரசிலும் புளியிலும் ஏறி விழுந்து வளரவில்லையா? இவன் பிள்ளைகளைப் பஞ்சில் பொதிந்து வைக்கச் சொல்கிறானா?" என்று நினைப்பது எமக்குத் தெரிகிறது. எமது அப்புவும் இதைத்தான் வீட்டில் கேட்டார். அவர் கேள்வி நியாயமானது; அதை நாம் ஒதுக்கவில்லை.

டென்மார்க்கு நாட்டிலே, கொப்பன்கேகனைச் சார்ந்த எம்றுப்பு என்னுமிடத்தில், 1943ஆம் ஆண்டில், யுத்தகாலத்தின் நடுவே ஒரு விளையாட்டிடத்தைத் திறந்தார்கள். அங்கே கடையில் வாங்கிய சாதனம் ஒன்றுமில்லை. பழைய பலகை, செங்கல், மண், ஆணி, சுத்தியல். பிள்ளைகள் தாமே கட்டித் தாமே இடித்தார்கள். நோர்வேயைச் சேர்ந்த சன்செற்றர் என்னும் ஆராய்ச்சியாளர் 2007ஆம் ஆண்டில், பிள்ளைகள் உயரம், வேகம் முதலிய துணிவான விளையாட்டுகளைத் தாமே நாடுவதை வகைப்படுத்திக் காட்டினார். துணிவு பழகாத பிள்ளை, அபாயத்தை அளக்கவும் பழகாது. ஆகையாற் பிள்ளை ஏறட்டும், தடுமாறட்டும், விழட்டும். ஆனால் புளியமரத்தில் ஏறும் பிள்ளை கொப்பின் பருமனைத் தன் கண்ணாற் காண்கிறது; எட்டாத கொப்பிற்கு அது போவதில்லை. அதன் கீழே சருகும் பொருபொருத்த மண்ணும் கிடக்கின்றன. இரும்பேணியின் துருவையும், நாலங்குல இடைவெளியையும், சீமெந்தின் கடினத்தையும் பிள்ளை காண்பதில்லை. பிள்ளை காணும் அபாயத்தை அதற்கு விட்டுவிடலாம். காணாததை நாம் அகற்ற வேண்டும். அப்புவுக்கு இப்படித்தான் பதில் சொன்னோம். அவர், "அப்போ மரத்தில் ஏறவிடுவியோ?" என்றார். விடுவோம் என்றோம். இன்னும் முற்றாக நம்பவில்லைப் போலும்.

மணலின் பெருமை மறந்தது எமது பிழை. நாம் படித்த மிஷன் பாடசாலையில் நீளம்பாய்தலுக்கு வெட்டிய மணற்குழியொன்றிருந்தது. ஒவ்வொரு மாலையும் அதைக் கிளறி மென்மையாக்கிய பின்பே பாயவிடுவார்கள். பதினாறு வயது இளைஞர்க்கு அவ்வளவு ஆயத்தம். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சீமெந்து! பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றிற் பருவத்தை மணலிலே வைத்தார்கள். அமெரிக்காவின் போஸ்ரன் நகரில் 1885ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கென முதல் விளையாட்டிடம் அமைத்தபோது, அங்கே கொட்டியதும் ஒரு மணற்குவியலே. எமதூர்ப் பிள்ளைகளுக்கோ கோயில் வீதி மணல் தலைமுறை தலைமுறையாய் விளையாட்டிடம். அங்கே விழுந்து கை முறிந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் மணலும் இலேசில் வருவதன்று. கண்ட இடத்தில் அள்ளுவதாற் கரையோரமும் மணற்றிட்டிகளும் அழிந்து, கடல்நீர் கிணறுகளுக்குள் வருகிறது. பிள்ளைக்கு நன்மை செய்யப் போய் ஊருக்குத் தீமை செய்யலாகாது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் உத்தரவுப்பத்திரத்தோடு வரும் மணலையே வாங்க வேண்டும். சறுக்குமரத்தைச் சுற்றி நாற்புறமும் ஆறடி வெளி தேவை. அதன்படி பதினாறடிக்கு இருபதடி நிலத்தை ஓரடி ஆழத்துக்கு நிரப்ப 320 கன அடி, அதாவது மூன்று கியூபுக்குச் சற்று அதிகம் வேண்டும். வந்த பின்பும் வேலையுண்டு. பூனை அசுத்தஞ் செய்யாதபடி இரவில் வலையோ படங்கோ போட்டு மூட வேண்டும். சறுக்குமரத்தின் வாயிலில் ஒதுங்கும் மணலை வாரந்தோறும் இழுத்து நிரவ வேண்டும். மாரியில் நீர் தேங்காதபடி அடியில் வடிகால் வேண்டும். தேங்கினால் மூன்று வருடங்களுக்கு முன்பிருந்த அதே சேறு திரும்ப வரும், யாராவது மறுபடியும் சீமெந்து என்பார்.

பணம் அனுப்பிய அன்பர் தம் பெற்றோரின் நினைவாகப் பெயர்ப்பலகை பொருத்த விரும்புகிறாரென அறிகிறோம். கோபுரத்திற் பெயர் பொறிக்கலாம், மணலில் எழுத முடியாதே என்று செயற்குழுவில் ஒருவர் வேடிக்கையாய்ச் சொன்னார். வேடிக்கையல்ல, அதுதான் உண்மையான இடைஞ்சல். நாம் அவருக்கு ஒரு கடிதம் வரைந்திருக்கிறோம். நடந்ததை மறைக்காமல், சீமெந்து போட்டது யாரென்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறோம். பெயர்ப்பலகையை வேம்பின் அடியில், பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார் இருக்கும் வாங்கின் மேல் வைக்கலாமென்பது எமது எண்ணம். செயலாளர் ஐயா வாசித்துப் பார்த்து, சரியென்றால் ஒப்பமிட வேண்டும்.

பணத்தில் முதலில் நிலம். பின்பு நான்கடிக்கு மேற்படாத சறுக்குமரம் ஒன்று. மீதியில் வடிகாலும் படங்கும். தொங்கேணியைக் கழற்ற இச்சபையின் அனுமதி வேண்டும். ஊஞ்சலை மரச்சீவலுக்கு வழி பிறந்த பின்பு யோசிக்கலாம்.

சீமெந்தை உடைக்கக் கூலிக்கு ஆள் வேண்டாம். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அன்று பூசிய பதினொருவரில் ஊரிலிருக்கும் ஒன்பதுபேரும் அலவாங்கோடு வருகிறோம். மண்வெட்டி இரண்டு குறைகிறது. உள்ளவர்கள் தந்துதவினால் அன்று மாலையே திருப்பிக் கொடுப்போம்.